பக்கத்து நாற்காலி: வான்வழிக் கட்டுப்பாட்டில் ஆள்கணக்கு



2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இரவு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தில் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் பணியில் இருந்தார்கள். இரவு ஏற ஏற வானத்தில் விமானங்கள் குறைந்துவிடும். அதனால் ஒருவர் ஓய்வறைக்குப் போய்விட்டார். பல ஆண்டுகளாக அங்கே இருந்துவந்த வழக்கம் அது. நிர்வாகத்துக்கும் தெரியும், யாரும் தடுத்ததில்லை. எஞ்சியவர் இரண்டு திரைகளுக்கு நடுவே மாறி மாறி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரவு பார்த்து ரேடார் கணினியில் பராமரிப்பு வேலை வைத்திருந்தார்கள். இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் எச்சரிக்கை காட்டும் வசதி அந்நேரம் இயங்கவில்லை. பக்கத்து மையங்களோடு பேசும் நேரடித் தொலைபேசித் தொடர்பையும் அதே வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மாற்றாக வைத்திருந்த தொடர்பு பழுதாகிக் கிடந்தது. இந்த நேரத்தில், தாமதமாக வந்த ஒரு விமானம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபென் என்ற சிறு விமான நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவர் அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் முயல்கிறார், இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி முயல்கிறார். இன்னொரு திரையில், ஒரே 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ரஷ்ய டுபோலெவ் விமானம். மற்றொன்று பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போன சரக்கு விமானம்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்தவர்கள் இந்த ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டார்கள். சூரிச்சைப் பலமுறை கூப்பிட்டார்கள். இணைப்புக் கிடைக்கவில்லை.

மோதலுக்கு 43 நொடிகளுக்கு முன்புதான் சூரிச் கட்டுப்பாட்டாளர் கவனித்தார். ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அந்த விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொன்னது. எதிரே வந்த விமானத்துக்கு அதன் கருவி இறங்கச் சொன்னது. சரக்கு விமானம் கருவியின்படி இறங்கியது. ரஷ்ய விமானிகள் தரையிலிருந்து வந்த குரலுக்குக் கட்டுப்பட்டு இறங்கினார்கள். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்த கட்டுப்பாட்டாளர் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபென் விமானத்தைப் பார்க்கத் திரும்பினார். ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டும் மோதின. 71 பேரும் இறந்தார்கள்.

விமானங்கள் மோதுவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. கருவி சொன்னதைக் கேட்பதா, மனிதர் சொன்னதைக் கேட்பதா என்ற கேள்வி உலகம் முழுவதும் விவாதிக்கப்பட்டது. அதற்கு விடையும் கிடைத்தது: இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதையே விமானி பின்பற்ற வேண்டும் என்ற விதி ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிப்படுத்தப்பட்டது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. அந்த இரவில் அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவர் தொலைபேசியோடு போராடும்போது இன்னொருவர் திரையைப் பார்த்திருப்பார். 43 நொடி என்பது மூன்று நான்கு நிமிடமாகியிருக்கும். மூன்று நிமிடம் இருந்தால், 'ஆயிரம் அடி இறங்குங்கள்' என்று நிதானமான குரலில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். விமானத்திலிருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

விபத்துக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 பிப்ரவரியில், அந்த விபத்தில் மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரின் வீட்டைத் தேடிச் சென்று அவரைக் குத்திக் கொன்றார். அதே ஆண்டு மே மாதம் ஜெர்மானிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. இரவில் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதை நிர்வாகம் ஆண்டுக்கணக்காகச் சகித்துக்கொண்டிருந்தது என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 2007இல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் நான்கு பேரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆள்கணக்கைத் தீர்மானித்தவர்கள் நீதிமன்றப் படியேறுவதற்கு முன்பே, தனியாக உட்கார வைக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தார்.

நண்பர்களே, சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கோ கோவைக்கோ இரவில் ஆம்னி பஸ்ஸில் போயிருப்பீர்கள். தொலைதூர வண்டிகளில் இரண்டு டிரைவர்கள் வருவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவார். அவருக்கு எதற்குச் சம்பளம் என்று பயணிகள் யாரும் கேட்பதில்லை. வான்வழிக் கட்டுப்பாட்டில் மட்டும் அந்த இரண்டாவது ஆளைப் பார்த்தால் நிர்வாகங்களுக்குக் கை அரிக்கிறது. போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் அவர் சும்மா இருப்பதாகத் தோன்றுகிறது. 'இரண்டு இடத்தையும் சேர்த்துவிடுங்கள், ஒருவர் பார்க்கட்டும்' என்ற உத்தரவு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி பிறக்கிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் விமான நிலையம். 2006 ஆகஸ்ட் 27, விடியும் முன். கட்டுப்பாட்டு டவரில் இருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர், இருந்தவர் ஒருவர். முந்தைய பணிக்கும் இந்தப் பணிக்கும் நடுவே அவர் தூங்கியது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒரு சிறிய ஜெட் விமானம் நீளமான ஓடுபாதைக்குப் பதிலாகத் தவறிப்போய்க் குட்டையான ஓடுபாதையில் போய் நின்றது. புறப்பட அனுமதி கொடுத்துவிட்டு அவர் கணக்கு எழுதும் வேலைக்காக முதுகைத் திருப்பினார். 49 பேர் இறந்தார்கள். தவறு விமானிகளுடையது என்றுதான் விசாரணை சொன்னது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஜன்னல் வழியே பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால் என்ற எண்ணம் அந்த அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் வரும்.

2011 மார்ச்சில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் நள்ளிரவில் டவரில் இருந்த ஒரே ஆள் தூங்கிப்போனார். அது அவருக்குத் தொடர்ச்சியாக நான்காவது இரவுப் பணி. இரண்டு பயணி விமானங்கள் டவரின் பதில் கிடைக்காமலே தரையிறங்கின. யாருக்கும் காயமில்லை. நாடே கோபப்பட்டது. உடனே இரவுப் பணியில் இன்னொருவரைப் போட உத்தரவு வந்தது. அதற்கு முன்பு அதே உத்தரவைக் கேட்டு யாரும் எழுதவில்லையா? எழுதியிருந்தார்கள். ஒரு மனிதர் தூங்கிய பிறகுதான் அது உத்தரவாயிற்று.

அதே ரீகன் விமான நிலையம்தான் 2025 ஜனவரி 29 இரவிலும் செய்தியில் வந்தது. விச்சிட்டாவிலிருந்து வந்த பயணி விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் போட்டோமாக் ஆற்றின் மேல் மோதின. 67 பேர் இறந்தார்கள். விமானங்களுக்கு ஒருவர், ஹெலிகாப்டர்களுக்கு ஒருவர் என்று பார்க்க வேண்டிய இரண்டு இடங்களை அன்று ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் குறைவால்தான் அந்த விபத்து நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது சுலபமான பொய். ஹெலிகாப்டர் வழித்தடமே தரையிறங்கும் பாதைக்கு மிக நெருக்கமாகப் போடப்பட்டிருந்தது. 2021 அக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அங்கே விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள், 400 அடிக்கும் குறைந்த உயர வித்தியாசத்தில் கடந்துபோன நிகழ்வுகள் 15,214 என்று விசாரணைக் குழு எண்ணிச் சொன்னது. இந்த எண்ணை முன்பே எடுத்திருக்க முடியும், தரவுகள் கையில்தான் இருந்தன. தினப்படி வேலையிலேயே மூச்சு முட்டும் இடத்தில், உட்கார்ந்து பழைய தரவைப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது. ஆள் குறைவு ஓர் அமைப்பை இப்படியும் கெடுக்கும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, ஆள் குறைவென்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் இந்த வேலையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு நாற்காலியில் அத்தனை நேரமும் ஆள் இருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டில் ஒருவர் எட்டு மணி நேரமும் திரையைப் பார்க்க முடியாது. பிரிட்டனில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் அரை மணி நேரம் கட்டாய இடைவெளி. இடைவெளியையும், பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தையும் கழித்தால் நாற்காலியில் இருப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 30 மணி நேரம். விடுப்பு, பண்டிகை, உடல்நலக் குறைவு, மருத்துவப் பரிசோதனை, ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சி எல்லாம் போக 44 வாரம் கிடைத்தால் பெரிது. ஆக ஒருவர் ஆண்டுக்குத் தருவது 1,320 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஒரு நாற்காலிக்கு ஆறரைப் பேருக்கு மேல் வேண்டும். பக்கத்து நாற்காலியையும் சேர்த்தால் 13 பேர். 'இரண்டு நாற்காலிதானே, எதற்கு 13 பேர்?' என்று நிதித்துறையில் ஒருவர் கேட்கும்போது, இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக்காட்ட ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். பல நேரங்களில் இருப்பதில்லை.

அடுத்தது பயிற்சி. அமெரிக்காவில் 31 வயதுக்குள் சேர வேண்டும், 56 வயதில் வெளியேற வேண்டும். ஓக்லஹோமா நகரத்திலுள்ள பயிற்சிக் கழகத்தில் தேறாமல் திரும்புகிறவர்கள் பலர். தேறியவர்களும் ஒரு நிலையத்துக்குப் போய், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, உண்மையான விமானங்களோடு பேசிப் பேசித் தேற வேண்டும். பெரிய மையங்களில் இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். இந்தியாவிலும் வழி ஏறத்தாழ இதுதான். இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரிகளையும் பொறியாளர்களையும் விமான நிலையங்கள் ஆணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. பிரயாக்ராஜில் 1948இலிருந்து இயங்கும் பயிற்சிக் கல்லூரியில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். பிறகு ஓடுபாதையைப் பார்க்கும் டவர், நிலையத்தை நெருங்கும் விமானங்களைப் பார்க்கும் அப்ரோச், நெடுந்தொலைவு வானத்தைப் பார்க்கும் ஏரியா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகுதி.

அந்தத் தகுதி இடத்தோடு ஒட்டியது. டெல்லியில் பத்து ஆண்டு அப்ரோச் பார்த்தவரைச் சென்னைக்கு மாற்றினால், மறுநாள் காலை அவரால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. சென்னை வானம் வேறு. சென்னை மையத்தின் பொறுப்பில் தென்னிந்திய நிலப்பரப்பு மட்டுமல்லாமல் வங்காள விரிகுடாவின் பெரும் பகுதியும் இருக்கிறது. கடலுக்குள் போகப் போக நிலத்திலிருக்கும் ரேடாரின் கை எட்டாது. உயர் அலைவரிசை வானொலியையும், செயற்கைக்கோள் வழியாக விமானம் அனுப்பும் இருப்பிடச் செய்தியையும் நம்பித்தான் அங்கே இடைவெளி காக்க வேண்டும். கொழும்பு, மாலத்தீவு, கோலாலம்பூர் மையங்களோடு இரவெல்லாம் விமானங்களை ஒப்படைப்பதும் வாங்கிக்கொள்வதுமாக வேலை நடக்கும். இதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

இதில் ஒரு கொடிய சுழல் இருக்கிறது. புதியவரைப் பயிற்றுவிக்க அனுபவசாலி தேவை. ஆள் குறைந்த நிலையத்தில் அந்த அனுபவசாலி ஏற்கெனவே கூடுதல் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பார். அவரால் கற்றுக்கொடுக்க முடியாது. பயிற்சி தள்ளிப்போகும். அதற்குள் அவரும் ஓய்வு பெறுவார். எங்கே ஆள் மிகவும் தேவையோ அங்கேதான் ஆள் உருவாவது மிகவும் மெதுவாக நடக்கும்.

இந்தச் சுழலில் சிக்கினால் எத்தனை ஆண்டு ஆட்டிவைக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1981 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஏறத்தாழ 13,000 கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், குறைந்த வேலை நேரம், ஓய்வுக்கால ஏற்பாடு என்று அவர்கள் கேட்டது பல. மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்டவிரோதம். 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்றார் ஜனாதிபதி ரீகன். திரும்பாத 11,345 பேரை ஒரே உத்தரவில் நீக்கினார். (பின்னாளில் அந்த வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.) மேற்பார்வையாளர்களையும் ராணுவக் கட்டுப்பாட்டாளர்களையும் உட்காரவைத்து, விமானங்களைக் குறைத்துச் சமாளித்தார்கள். நீக்கப்பட்டவர்கள் மறுபடி சேரக்கூடாது என்ற தடை 1993இல்தான் விலகியது.

வேலைநிறுத்தம் சரியா, நீக்கம் சரியா என்ற வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. நான் பார்ப்பது நாள்காட்டியை. ஒரே மூச்சில் 11,000 பேரை அனுப்பினால், அடுத்த சில ஆண்டுகளில் ஒரே மூச்சில் ஆயிரமாயிரம் பேரை எடுக்க வேண்டும். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வயது. 25 ஆண்டுப் பணி முடிந்தால் எந்த வயதிலும் ஓய்வு பெறலாம் என்பது அவர்களுக்கான விதி. ஆகவே 2005க்குப் பின் அவர்கள் அலை அலையாக வெளியேறினார்கள். 1981இன் ஓர் உத்தரவு, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் பயணம் செய்த நாளில் டவரைக் காலி செய்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே புதிய தடைகள் வந்தன. 2013இல் பட்ஜெட் வெட்டு வந்து ஓக்லஹோமா பயிற்சிக் கழகம் பல மாதம் மூடப்பட்டது. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் அரசு முடக்கத்தில் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். ஒரு சில மையங்களில் சிலர் வராமல்போன நாளில் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றே முடக்கம் முடிவுக்கு வந்தது. 2020இல் கொரோனா வந்து பயிற்சியை நிறுத்தியது. 2025இல் மறுபடி 43 நாள் முடக்கம். 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க அரசே ஆணையிட்டது. 2013க்கும் 2023க்கும் இடையில், அமெரிக்க விமானத் துறை, தன் சொந்தக் கணக்கீடே கேட்ட ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுத்திருக்கிறது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வு 2025இல் சொன்னது.

அதே ஆய்வில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. மொத்தக் குறைவு ஒரு பக்கம் இருக்க, சில நிலையங்களில் தேவைக்கு அதிகமாகவே ஆட்கள் இருக்கிறார்கள். நெரிசல் மிகுந்த இடங்களில் பெரும் பற்றாக்குறை. நியூயார்க் போன்ற விலைவாசி ஏறிய ஊருக்கு, கடினமான வானத்துக்கு, யாரும் விரும்பிப் போவதில்லை. ஆள் கிடைக்காமல் நியூவர்க் விமான நிலையத்தின் வான்பகுதிப் பொறுப்பையே 2024 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். தரவு மட்டும் பழைய கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று அந்தத் தொடர்பு அறுந்து, ஏறத்தாழ 90 நொடிகள் ரேடாரும் வானொலியும் இல்லாமல் கட்டுப்பாட்டாளர்கள் கையறுந்து உட்கார்ந்திருந்தார்கள். மோதல் நடக்கவில்லை. ஆனால் அந்த 90 நொடியை அனுபவித்தவர்களில் சிலர் மன அதிர்ச்சிக்கான விடுப்பில் போனார்கள், இருந்த ஆளும் குறைந்தது, வாரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. விடுப்பில் போனவர்களைச் சிலர் கேலி பேசினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊபர்லிங்கனைப் படித்த எந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் அந்த 90 நொடியில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் செய்ததை இதோடு வைத்துப் பார்க்கிறேன். டவரில் பலருக்கு உடல்நலமில்லை. ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு 800 விமானங்களுக்கு மேல் கிடையாது என்று அறிவித்தார்கள். பயணிகள் திட்டினார்கள், விமான நிறுவனங்கள் கடிந்துகொண்டன. நான் அவர்களைப் பாராட்டுவேன். ஆள் குறைந்தால் விலை கொடுத்தே ஆக வேண்டும். ஒன்று தாமதமாகக் கொடுக்கலாம், அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இல்லாவிட்டால், இருப்பவர்களின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், அது யார் கண்ணுக்கும் தெரியாது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆறு நாள் வேலை வாரமும் பத்து மணி நேர ஷிப்டுமாக இரண்டாவது வழியில்தான் விலை கொடுத்தார்கள். ஷிப்டுகளுக்கு நடுவே பத்து மணி நேரமும், நள்ளிரவு ஷிப்டுக்கு முன் பன்னிரண்டு மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது.

இந்தியாவுக்கு வருவோம். நம் கட்டுப்பாட்டாளர்களின் திறமைக்குச் சான்று ஒரு சோகத்தில் பதிவாகியிருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி ஜம்போ விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் உலகிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அது. நீதிபதி லகோத்தி தலைமையிலான விசாரணை, டெல்லி கட்டுப்பாட்டாளர் மேல் பிழையில்லை என்பதைக் காட்டியது. அவர் எதிரே விமானம் வருவதைச் சொல்லியிருந்தார், உயரத்தைச் சரியாகக் கொடுத்திருந்தார். கசகஸ்தான் விமானம்தான் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது. ஆனால் அது இறங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. அன்றைய டெல்லி ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்பாதை. நல்ல ஆளை உட்காரவைத்து அவர் கண்ணைக் கட்டிவிட்டோம். அதன் பிறகு உயரம் காட்டும் ரேடார் வந்தது, பாதைகள் பிரிந்தன, விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள்.

ஆள்கணக்கில் அத்தகைய பாய்ச்சல் நடக்கவில்லை. 2014இல் இயங்கிய 74 விமான நிலையங்கள் இன்று இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு புதிய நிலையத்துக்கும் புதிய டவர், ஒவ்வொரு டவர் நாற்காலிக்கும் முன்னே நாம் போட்ட அந்த ஆறரைப் பேர். கட்டடத்தை மூன்று ஆண்டில் எழுப்பலாம், ரிப்பன் வெட்டலாம். அனுபவமுள்ள கட்டுப்பாட்டாளரை வேறு நிலையத்திலிருந்து பிடுங்கித்தான் அங்கே நட வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் போக்குவரத்து நிலைக்குழு கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்களின் களைப்பையும் விமானப் பாதுகாப்புக்கான கவலைகளாகவே பதிவு செய்தது. பணி நேர வரம்புக்கு இங்கே விதி இருக்கிறது. விதியை மீறாமல் ரோஸ்டர் போட ஆள் வேண்டும் அல்லவா?

அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் விமானத் திட்டச் செய்திகளை அனுப்பும் கணினி அமைப்பு முடங்கியது. தானாக வர வேண்டிய ஒவ்வொரு விமானத் திட்டத்தையும் கட்டுப்பாட்டாளர்கள் கையால் பதிந்தார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. ஆனால் பாதுகாப்பாகவே போயின. இயந்திரம் நின்ற நாளில் அமைப்பைத் தாங்கியவர்கள் கூடுதலாக உட்கார வந்த மனிதர்கள். தானியங்கி வந்துவிட்டால் ஆளைக் குறைக்கலாம் என்று கனவு காண்கிறவர்கள் அந்த நாட்களின் பதிவேட்டைப் படிக்க வேண்டும்.

என் கருத்தில் செய்ய வேண்டியவை அரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆண்டுதோறும், பட்ஜெட் எப்படியிருந்தாலும், ஓய்வு பெறுவோரின் பட்டியலைப் பார்த்து ஐந்து ஆண்டு முன்கூட்டியே ஆள் எடுக்க வேண்டும். மூன்று ஆண்டு எடுக்காமல் இருந்துவிட்டு நான்காம் ஆண்டு மொத்தமாக எடுப்பது 1981இன் அலையை நம் ஊரில் நாமே உண்டாக்குவது. பயிற்றுநர் வேலையைக் கூடுதல் சுமையாக வைக்காமல் தனிப் பதவியாக, தனிப் படியோடு வைக்க வேண்டும். நெரிசலான மையங்களுக்குப் போகிறவர்களுக்கு வீடும் படியும் கொடுத்தால்தான் அங்கே ஆள் தங்கும். ஒவ்வொரு மையத்திலும் எத்தனை தகுதி பெற்றவர்கள் தேவை, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணை ஆண்டுக்கொரு முறை பொதுவில் வெளியிட வேண்டும். 'இன்று என்னால் முடியவில்லை, களைப்பாக இருக்கிறது' என்று சொல்லும் கட்டுப்பாட்டாளர் தண்டனைக்கு அஞ்சாமல் நாற்காலியை விட்டு எழ முடிய வேண்டும். அவர் எழுந்தால் உட்கார இன்னொருவர் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள். எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தப் பக்கத்து நாற்காலிக்கே வருகிறது.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரவிருக்கிறது. அங்கே நிலம் கொடுக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் நடத்தும் போராட்டம் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், அதை ஒரு வரியில் தொட்டுக் கடப்பது முறையாகாது. நிலையம் வந்தால் அதன் வானம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு பக்கம் மீனம்பாக்கம். அருகிலேயே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம். தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்சித்தளம். நான்கு இடங்களிலிருந்தும் ஏறி இறங்கும் விமானங்களை ஒரே சிறிய வானத்தில் பிரித்து வைக்க வேண்டும். அந்த அப்ரோச் வேலைக்கு ஓர் ஆளைத் தயார் செய்யத் தேர்வு, பிரயாக்ராஜ், டவர், பிறகு அப்ரோச் தகுதி என்று ஆறேழு ஆண்டு பிடிக்கும். அப்படியானால் அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள் இன்று கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அரங்கில் பின்வரிசையில் சிலர் இருக்கக்கூடும். உங்களுக்கான தேர்வு அறிவிப்பு எந்த ஆண்டு, எத்தனை இடங்களுக்கு வரப் போகிறது என்று நான் விமானத் துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.